சொந்தக் கருவியிலிருந்து மட்டும்

ஏப்ரல் 13, ஞாயிறு

இந்த டைரியைப் பின்பக்கமாகத் திறக்க வேண்டும். அரபு நாட்டு டைரி. நமக்குக் கடைசி அட்டை எதுவோ அதுதான் அவர்களுக்கு முதல் அட்டை. வெள்ளிக்கிழமைகள் சிவப்பு மையில் அச்சாகியிருக்கின்றன. வருடத்தில் மூன்றரை மாதம் போய்விட்டதால், அச்சிட்ட தேதிகளை அடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்தே எழுதப் போகிறேன். காகிதம் வீணாகக் கூடாது. உண்மையில் இதற்கு முன்னால் ஒரு தாள் இருந்திருக்கிறது. யாரோ பிளேடால் ஒட்ட அறுத்திருக்கிறார்கள். தையல் ஓரத்தில் நகத்தின் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. ஏதாவது விளம்பரத் தாளாக இருக்கும்.

டைரியைக் கொடுத்தனுப்பியவர் ராணி அக்கா. நான் அவரைப் பார்த்ததில்லை. குவைத்தில் அப்பா டிரைவராக இருக்கும் அரபி வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். இலங்கை, ஹட்டன் பக்கம், தமிழ்தான். பிப்ரவரியில் ஊருக்குப் போய்விட்டாராம்.

அப்பா வெள்ளிக்கிழமை வந்தார், இரண்டு வருடம் கழித்து. ஜூன் ஆறாம் தேதி திரும்ப வேண்டும். அந்த வீட்டு அம்மாவை அப்பா 'மேடம்' என்றுதான் சொல்வார். மேடம் மே கடைசிக்குள் டிக்கெட் அனுப்புவார். டிக்கெட் வந்தால்தான் வேலை உறுதி. அம்மா இதை ஒரு நாளைக்கு இரண்டு முறை சொல்கிறாள், இரண்டு முறையும் முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்பா எனக்கென்றே கடையில் வாங்கி வந்தது ஒரு கேம் கருவி. உள்ளங்கை அளவு, புத்தகம் போல மடிக்கலாம், உள்ளே இரண்டு திரைகள். இரண்டுமே உடைந்திருக்கின்றன. ஆன் செய்தால் பச்சை விளக்கு எரிகிறது, 'டிங்' என்று ஒரு சத்தம் வருகிறது, திரைகளில் மசி கொட்டியது போல இருட்டு மட்டும். ஏர்போர்ட்டில் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். சொல்லும்போது அவர் முகம் மிகவும் வாடிவிட்டது. ஜூன் ஆறுக்குள் இதை எப்படியாவது ஓட வைத்து அவரிடம் காட்டுவேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் வத்தல் காயப் போட்டேன். காக்கை விரட்டும் வேலையும் எனக்குத்தான்.

மதியம் சாப்பிடும்போது அப்பா டானாவைப் பற்றிச் சொன்னார். டானா அந்த வீட்டுக் கடைசிப் பெண், ஆறாவது படிக்கிறாள். தினமும் பள்ளிக்கு அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டி வருவதுதான் அப்பாவின் முதல் வேலை. அவளுக்குப் பல்லி என்றால் பயம். சாண்ட்விச்சின் ஓரத்தைத் தின்ன மாட்டாள், பிய்த்து அப்பாவிடம் நீட்டுவாள். மதியழகன் என்ற பெயரில் அவளுக்கு 'மதி' மட்டும்தான் வரும். அரபிப் பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டே போவாளாம். அப்பா அந்தப் பாட்டை மேசையில் தாளம் போட்டுப் பாடிக் காட்டினார். அவருக்குப் பாட வரும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆறு வருடம், வருடத்துக்கு நூற்றெண்பது பள்ளி நாள் என்று வைத்தால் ஆயிரத்து எண்பது காலைகள். அப்பா என்னைப் பள்ளிக்குக் கொண்டுவிட்ட நாள்களையும் எண்ணினேன். லீவில் வந்த சமயங்களில் மொத்தம் பதினொன்று. சும்மா, கணக்குப் பயிற்சிக்காக.

ஏப்ரல் 17, வியாழன்

ஜெசிமா வீட்டுக்குப் போனேன். என் வகுப்புத் தோழி. அவள் அண்ணன் பேருந்து நிலையத்தருகே மொபைல் கடை வைத்திருக்கிறார். கருவியை அவரிடம் காட்டிவிட்டு வந்து அவர் சொன்னதை ஒப்பித்தாள்: திரைகளை மாற்ற முடியாது, இந்த மாடலுக்கு அறந்தாங்கியில் இல்லை, திருச்சியிலும் கிடைக்காது. ஆனால் எனக்கு அரசு கொடுத்த லேப்டாப் இருக்கிறதே, அதில் எமுலேட்டர் போடலாம்.

எமுலேட்டர் என்பது வேறொரு கருவியைப் போல நடிக்கும் மென்பொருள். நடிப்பதற்கு அதற்கு அந்தக் கருவியின் ஃபர்ம்வேர் வேண்டும். கருவிக்குள் ஒரு சிப்பில் எழுதி வைத்திருப்பார்கள். ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொண்டு மற்றதையெல்லாம் எழுப்புவது அதுதான். உடல் உடைந்துபோன பிறகும் உயிரை மட்டும் எடுத்து வேறு உடலில் ஊற்றுவது போல. விக்கிரமாதித்தன் கதையில் வருகிற கூடுவிட்டுக் கூடு பாய்தல்.

எமுலேட்டரின் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு விதி இருந்தது. அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன்: "ஃபர்ம்வேரை உங்களுக்குச் சொந்தமான கருவியிலிருந்து மட்டும் எடுத்துப் பயன்படுத்தவும்."

ஜெசிமா சிரித்தாள். "நெட்ல ரெண்டு நிமிஷத்துல எறக்கிரலாம் புள்ள. ஊரே அப்படித்தான் பண்ணுது."

அது திருட்டு என்றேன். என்னிடம் சொந்தக் கருவி இருக்கும்போது நான் ஏன் திருட வேண்டும்?

"வந்துட்டாடி அரிச்சந்திரன் பேத்தி" என்றாள். ஆனாலும் அண்ணனிடம் சொல்லித் தேவையானதை வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

மின்சாரம் ஒன்பதுக்குப் போய் மூன்றுக்கு வந்தது. காக்கை ஆறு வத்தல் கொண்டுபோனது.

ஏப்ரல் 24, வியாழன்

ஜெசிமாவின் அண்ணன் ஒரு பழைய கேம் அட்டை கொடுத்திருக்கிறார். தபால்தலையை விடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் மெமரி கார்டு போடலாம். மெமரி கார்டில் ஒரு சிறிய நிரலை வைத்து, அட்டையைக் கருவியில் செருகி, அந்த நிரலை ஓடவிட்டால் அது ஃபர்ம்வேரைப் படித்துக் கார்டில் எழுதிவிடும். கண் தெரிகிறவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. எனக்குத் திரை இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வது போலச் செய்ய வேண்டும்.

யாரோ ஒருவர் நல்ல கருவியில் இதைச் செய்யும் வீடியோ கிடைத்தது. அதை இருபது முறை பார்த்து எந்த விநாடியில் எந்தப் பொத்தான் என்று எழுதிக்கொண்டேன். டிங் சத்தம் வந்ததும் நான்கு எண்ண வேண்டும். வலப்பக்கப் பொத்தான். ஆறு எண்ண வேண்டும். கீழ்ப் பொத்தான் இரண்டு தடவை. மறுபடி வலது. பிறகு இருநூறு வரை எண்ணிவிட்டு அணைக்க வேண்டும்.

ஏழு தடவை செய்தேன். ஏழு தடவையும் கார்டு காலி.

அப்பா கட்டிலில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் செய்வதை அவர் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தையும் திருப்பவில்லை. கடைசியில், "அதைப் போட்டு ஏன் நோண்டிக்கிட்டே இருக்கே ஆத்தா, குப்பையில போடு, வேற வாங்கியாறேன்" என்றார். எனக்குச் சிரமம் கொடுத்துவிட்டோமே என்று வருந்துகிறார். இன்னும் கவனமாக எண்ண வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ராணி அக்காவுக்கு நன்றிக் கடிதம் எழுதலாம் என்று அப்பாவிடம் முகவரி கேட்டேன். யாராவது எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தால்கூட நான் கடிதம் எழுதிவிடுவேன், அது அப்பாவுக்கும் தெரியும். முகவரி இல்லை என்றார்.

ஏன் இரண்டு வருட ஒப்பந்தம் முடியும் முன்பே போய்விட்டார் என்று அம்மா கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, வீட்டில் ஏதோ சாமான் காணாமல் போனதாகவும், ராணி அக்கா எடுத்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

"எடுத்தாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல. அது எடுக்காது."

"நீங்க அதைச் சொல்லலியா?"

அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். ரசம் சோறு பாதி மிச்சம். வெயில் காலத்தில் யாருக்குமே பசிப்பதில்லை.

மே 3, சனி

பதினான்காவது முயற்சி. ஒரு கோப்பு வந்தது, ஆனால் அதற்குள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத கோப்பு வந்ததே முன்னேற்றம்தான் என்று எழுதி வைக்கிறேன்.

இன்னும் டிக்கெட் வரவில்லை. சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டிருப்பதாக அம்மா சொன்னாள்.

மே 9, வெள்ளி

கிடைத்துவிட்டது.

இன்று காலை ஆன் செய்தபோது வழக்கமான 'டிங்' வரவில்லை. அதற்குப் பதில் ஒரு சின்ன இசை, மணிகள் உருள்வது போல, நீளமாக. கருவி முழுதாகப் போய்விட்டது என்று பயந்துவிட்டேன். ஆனாலும் இசை முடிந்ததிலிருந்து எண்ணத் தொடங்கினேன். நான்கு, வலது, ஆறு, கீழ், கீழ், வலது, இருநூறு. கார்டை லேப்டாப்பில் போட்டால் மூன்று கோப்புகள். பெரியதுகூட இருநூற்றைம்பத்தாறு கேபிதான். என் பள்ளி அடையாள அட்டைப் புகைப்படம் அதைவிடப் பெரியது.

மறுபடி ஆன் செய்து பார்த்தேன். மறுபடியும் அதே இசை. எனக்காக வாசித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எமுலேட்டரை நாளை நிறுவ வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முழுதாக ஓடட்டும்.

மே 10, சனி

ஓடுகிறது.

லேப்டாப்பில் இரண்டு திரைகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக, வெள்ளை வெளேரென்று எழுந்தன. மேலே கடிகாரம், நாள்காட்டி. மூலையில் கருவியின் சொந்தக்காரர் பெயர் இருக்கும் இடம். ஃபர்ம்வேரில் நிரலோடு சேர்ந்து இதுவும் இருக்கும் என்று நான் படித்திருந்தேன்: பெயர், பிறந்தநாள், இருபத்தாறு எழுத்துக்குள் ஒரு வரி. புதுக் கருவி என்றால் காலியாக இருக்கும்.

காலியாக இல்லை.

பெயர்: டானா. பிறந்தநாள்: மே 9, நேற்று இசை வந்த நாள். ஆங்கிலத்தில் வரி: தொலைந்ததா? மதியை அழை. அதன்பின் எட்டு இலக்க எண்.

எண்ணைப் பார்த்து நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடமாக மிஸ்டு கால் கொடுக்கிற எண். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்பாவின் குவைத் எண்.

அவளுக்கு அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், வீட்டில் மூன்று தொலைபேசி இருக்கின்றன. தொலைந்தால் கூப்பிட அவள் எழுதியது இந்த எண்ணை.

பிறகு துணி மடித்தேன்.

மே 12, திங்கள்

அப்பாவோடு மாவு மில்லுக்குப் போனேன். மிளகாய் அரைக்கக் கூட்டம். எங்கள் முறை வர அரை மணி ஆகும் என்றார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றோம். மில் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது. அதனால் அங்கேயே கேட்டேன். அது டானாவுடையதா என்று மட்டும்.

அப்பா தூக்குச்சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு சொல்லத் தொடங்கினார். நான் நினைவிலிருந்து எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒருநாள் டானாவுக்குக் கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. பள்ளி வாசலில் காரில் ஏறும்போது கோபத்தில் கருவியைத் தரையில் ஓங்கி அடித்தாள். இரண்டு திரையும் போயின. அடித்த பிறகுதான் பயம் வந்தது. மேடம் அடிப்பார். 'மதி, நீ வைத்துக்கொள், யாரிடமும் சொல்லாதே' என்று அப்பாவின் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டாள். பதினைந்து நாள் கழித்து மேடம் தேடினார். எங்கே என்று கேட்டதற்கு டானா சமையலறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். ராணி அக்காவின் பெட்டியை முற்றத்தில் கவிழ்த்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் விற்றுவிட்டாள் என்று அர்த்தம்.

அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டேன். கார் கழுவிக்கொண்டிருந்தாராம், அதே முற்றத்தில்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னையும் சேத்து அனுப்பியிருப்பாங்க. நீ பிளஸ் ஒன்னு படிக்கிறே. அந்தச் சின்னப் புள்ள வேற என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

இரண்டு நாள் கழித்து ராணி அக்காவை ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டது அப்பாதான். டிரைவர் அவர்தானே. கருவி அப்போதும் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது.

மிளகாய்க்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். வரும் வழியெல்லாம் இருவருக்கும் தும்மல். கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான்.

மே 13, செவ்வாய்

நான் யோசித்ததை ஒழுங்காக எழுதுகிறேன். ராணி அக்கா திருடவில்லை. அவர் திருடியதாக ஒரு வீடு நம்புகிறது. உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்: டானா சொல்ல மாட்டாள், அப்பா சொல்லவில்லை, மூன்றாவது நான். மேடம் கறாரானவர், ஆனால் நியாயமானவர் என்று அப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார். உண்மை தெரிந்தால் ராணி அக்காவைத் திரும்ப அழைத்துக்கொள்வார். உண்மை சொன்னதற்காக யாரையும் தண்டிக்க மாட்டார்.

டிக்கெட் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு முறை யோசித்தேன். உடனே நிறுத்திவிட்டேன்.

மே 14, புதன்

காலை எட்டே காலுக்கு, அப்பா குளிக்கப் போயிருந்தபோது, அவர் போனிலிருந்து மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். ஆங்கிலம், பிழையில்லாமல். முதலில் "ராணி திருடவில்லை" என்று மட்டும்தான் எழுதினேன். அதுவே போதும். ஆனால் ஆதாரம் இல்லாமல் எப்படி நம்புவார் என்று தோன்றியதால் முழுமைக்காக மீதியையும் சேர்த்தேன்: "நான் மதியின் மகள். டானாவின் கேம் கருவி எங்கள் வீட்டில் இருக்கிறது. டானாதான் அதை உடைத்தாள். என் அப்பாவிடம் ஒளித்து வைக்கச் சொன்னதும் டானாதான். ராணியைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்."

டானாவின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. இலக்கணப்படி இரண்டு இடத்தில் 'அவள்' என்று போட்டிருக்கலாம்.

பிறகு பூரிக்கு மாவு பிசைந்தேன்.

மே 15, வியாழன்

பதில் இல்லை.

மே 16, வெள்ளி

பதில் இல்லை. தெருக் குழாயில் தண்ணீர் வந்தது, பதினாறு குடம்.

மே 17, சனி

பதினொன்றரைக்குப் பதில் வந்தது. அப்பாதான் பார்த்தார். மேலே நான் அனுப்பியதும், கீழே மேடம் அனுப்பியதும் அவர் கண்ணில் ஒன்றாகப் பட்டிருக்கும். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். திட்டவில்லை.

மேடம் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ராணி விஷயம் முடிந்துவிட்டது. புது ஆள் வந்தாயிற்று. டிரைவரும் புது ஆள். மதி வர வேண்டாம். அந்த உடைந்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

நான் மூன்று முறை படித்தேன். 'முடிந்துவிட்டது' என்ற சொல்லை மட்டும் இன்னும் இரண்டு முறை. நான்கு மாதமாக ஒரு பெண் திருடி என்ற பெயரோடு எங்கோ இருக்கிறார். அது உண்மையா பொய்யா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவே இல்லை.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் அவர் வாயிலிருந்து வந்தது என்னைப் பற்றியோ வேலையைப் பற்றியோ இல்லை.

"அந்தப் புள்ளைய என்ன அடி அடிச்சாங்களோ" என்றார்.

மே 18, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மே 19, திங்கள்

அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று முருங்கைக்கீரை ஆயும்போது தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"உண்மையச் சொல்லணும்னு அனுப்புனியா, இல்ல உங்கப்பா இங்கனயே கெடக்கட்டும்னு அனுப்புனியா?"

ராணி அக்காவுக்காக என்று சொன்னேன்.

"ராணிக்கு என்னடி வந்துச்சு அதுல? அவ வீட்டுக் கதவத் தட்டி யாராச்சும் சொன்னாங்களா?"

கீரையில் பழுத்த இலைகள் நிறைய இருந்தன. அவற்றைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

மே 27, செவ்வாய்

புதுக்கோட்டையில் ஒரு ஏஜெண்ட் சவுதிக்கு ஆள் எடுக்கிறார். பாலைவனத்தில் சாலை போடும் இடத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்ட வேண்டும். கண்டெய்னருக்குள் எட்டுப் பேர் தங்குவார்கள். மூன்று வருடத்துக்கு லீவு கிடையாது. அப்பாவுக்கு நாற்பத்தாறு வயது, முதுகுவலி இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. பிளஸ் டூ. அப்பா என்னைத் தன் வண்டியில் கொண்டுவிட்டார். கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். வழியில் அவர் பாடவில்லை.

பன்னிரண்டாவது காலை.

ஜூன் 7, சனி

ஜெசிமா வந்திருந்தாள். எமுலேட்டரைக் காட்டச் சொன்னாள். நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, செட்டிங்ஸில் போய்ப் பெயரை மாற்றிவிடலாம், டானாவை எடுத்துவிட்டு அரசி என்று போடு, எழுத்து குறைவுதானே என்றாள். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி அதில் அடங்காது. அரசி அடங்கும்.

கர்சர் டானாவின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த விதியை நினைத்துக்கொண்டேன். மூன்று கோப்புகளையும் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

"ரெண்டு வாரமா கண்ணக் கட்டிக்கிட்டு எண்ணி எடுத்ததடி" என்றாள் ஜெசிமா. நான் எதற்காக அழித்தேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அரிச்சந்திரன் பேத்தி என்று அவள் இந்த முறை சொல்லவும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று மதியம் அப்பா திருச்சிக்குக் கிளம்பினார். மாலை விமானம். காலையில் கடைசியாக என்னைப் பள்ளியில் கொண்டுவிட்டார். பதினெட்டு. மருத்துவப் பரிசோதனைக்குப் போன இரண்டு நாள் இல்லையென்றால் இருபது.

பள்ளி வாசலில் வண்டியை அணைத்தார். மணி அடிக்க நேரம் இருந்தது. இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். டைரியின் முதல் தாளை அறுத்தது யார்?

அப்பா வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஏர்போர்ட்டு போற வழியிலதான் ராணி அதைக் குடுத்துச்சு. உங்க மகளுக்குங்க, நல்லாப் படிக்கச் சொல்லுங்கன்னு. எனக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லுங்கன்னு மொதப் பக்கத்துல விலாசத்த எழுதுச்சு. கார் ஆடுதுன்னு மடியில வச்சு அழுத்தி அழுத்தி எழுதுச்சு."

"அப்புறம் ஏன்பா?"

"நீ எழுதிருவே. எழுதுனா அது பதில் போடும்."

ஓர் ஆசிரியை வந்தார், வணக்கம் சொன்னேன். திரும்பியபோது அப்பா வண்டியைக் கிளப்பியிருந்தார். பத்தடி போய் நின்று, "மழை வந்தா வத்தல உள்ள எடுத்து வையி" என்றார். வத்தல் காய்ந்து டப்பாவுக்குள் போய் ஒரு மாதமாகிறது.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. புது எண். இன்னும் மனப்பாடமாகவில்லை.

'அழுத்தி அழுத்தி' என்று அப்பா சொன்னது மூன்று நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் பள்ளம் விழும். தாளை அறுத்தாலும் பள்ளம் போகாது. இன்று மதியம் இந்த டைரியின் முதல் பக்கத்தைச் சன்னலோரம் வைத்து, ஓவியப் பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தேன். கருவியின் உள்ளே இருந்ததை எடுக்க ஒரு மாதம் ஆனது. இதற்குப் பத்து நிமிடம்தான்.

எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. குண்டு குண்டான கையெழுத்து. மேலே விளிம்பில், "பு. ராணி". அதன் கீழ், "7ஆம் லயம், கீழ்ப் பிரிவு" (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). ஆகக் கீழே, "ஹட்டன், ஸ்ரீலங்கா". நடுவில் ஒரு வரி. அது தேயிலைத் தோட்டத்தின் பெயராகத்தான் இருக்க வேண்டும். 'தோட்டம்' என்ற கடைசிச் சொல் தெரிகிறது. அதற்கு முன்னால் இருக்கும் பெயர் தெரியவில்லை. பெயருக்கு மேலேயே நான் பேனாவால் எழுதியிருக்கிறேன், ஏப்ரல் பதிமூன்றாம் தேதி, நானும் நன்றாக அழுத்தி.

அழிப்பானால் தேய்த்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். என் எழுத்துகள்தான் தெரிகின்றன.

தோட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் இருக்கும் வரி: அப்பா எனக்கென்றே கடையில் வாங்கி வந்தது.